வன்னீரில் அலங்கார மீன்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, காணி இன்னும் விடுபடாதிருக்கும் குடும்பங்களுக்குத் தோட்டம் செய்ய நிலமில்லை. ஆனால் இருக்கும் வளவின் மூலையில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்ட இடமிருக்கும். அதில் அலங்கார மீனும் நீர்ச்செடியும் வளர்த்து விற்கலாமா? வளர்க்கலாம். மீனுக்குக் காசு போடும் முன் கிணற்று நீரை அறிந்துகொள்ள வேண்டும்.

குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று இலேசான அமிலமாகி, அக்கல்லைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் இதனால்தான். இதையே வன்னீர் என்கிறோம். கரைந்திருக்கும் இருகாபனேற்று, நீரின் பீ.எச். பெறுமானத்தை 7 இற்கு மேலே பிடித்து வைத்திருக்கும்.

ஆகவே பெறுமானத்தைக் குறைக்கத் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விடுவது வீண் வேலை. இருகாபனேற்று அமிலத்தை விழுங்கிவிடும்; பெறுமானம் இறங்கி மீண்டும் ஏறும். வன்மையைவிட இந்த ஏற்ற இறக்கமே மீனுக்குக் கேடு.

நீருக்கேற்ற மீனைத் தெரிவதுதான் இலகு. கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் ஆகியன வன்னீரில் நன்றாகப் பெருகும். வலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற செடி, இருகாபனேற்றிலிருந்தே தனக்கு வேண்டிய காபனை எடுத்துக்கொள்ளும். நியோன் டெட்ரா, டிஸ்கஸ் என்பன அமேசன் ஆற்றுப் பக்கத்து மென்னீர் மீன்கள். தொடக்கத்திலேயே அவற்றுக்கு ஆசைப்படாதீர்கள்.

அவற்றைத்தான் வளர்ப்பதென்றால் மாரிமழை நீரைச் சேமித்துக் கலக்க வேண்டும். லீற்றருக்கு 400 மி.கி. வன்மையுள்ள கிணற்று நீர் ஒரு வாளிக்கு மழைநீர் மூன்று வாளி விட்டால், வன்மை ஏறத்தாழ 100 மி.கி. ஆகும். முதல் மழையைச் சேர்க்க வேண்டாம். தகரக் கூரை நீரில் நாகம் கரைந்திருக்கும், அது மீனுக்கு நஞ்சு. ஓட்டுக் கூரை நல்லது. தனி மழைநீரும் கூடாது. பீ.எச். ஐப் பிடித்து வைக்க அதில் ஒன்றுமில்லை. இவ்வளவு பாடுபட்ட பின் அழகுக்கென்று முருகைக்கல்லையும் சிப்பியையும் தொட்டிக்குள் போட்டால், நீர் மீண்டும் வன்னீர்தான்!

புதுத் தொட்டியில் உடனே மீன் விடாதீர்கள். சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து பீ.எச். 10 இற்கும் மேலே போகும். வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவிட்டு, நீரைப் பலமுறை மாற்றி, இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

பீ.எச். கூடிய நீரில் மீன்கழிவிலுள்ள அமோனியாவின் நஞ்சும் கூடும். நமது கிணற்று நீரில் வளர்ப்போர் மறக்கக் கூடாதது இதுவே. சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே இரை போடுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள்.

செடியுள்ள தொட்டியில் பீ.எச். விடியற்காலையில் குறைந்தும் பின்னேரம் கூடியும் இருக்கும். எனவே சோதனைத் தாளை நாளும் ஒரே நேரத்தில் தோய்த்துப் பாருங்கள். கரையோரக் கிணறுகளில் உவர்ப்பும் சேர்ந்திருந்தால் மொலியைத் தெரியுங்கள், அது தாங்கும்.