பாரீஸ் டூர்: சித்தப்பா சொல்லும் விலை சரியா?

புதுச்சேரியில் ஒரு பள்ளி பிரான்சுக்குக் கல்விச் சுற்றுலா அறிவித்தால், பெற்றோர் முதலில் விசாரிப்பது பாரீசில் இருக்கும் சித்தப்பாவைத்தான். இணையத்தில் ஏஜென்ட் சொல்வதைவிடக் குறைவாக டிக்கெட் கிடைக்கிறதே என்பார் அவர். ஏஜென்ட் கொள்ளையடிக்கிறார் என்று வீட்டில் அப்போதே தீர்ப்பாகிவிடும். இந்த ஒப்பீடு செல்லாது. தனி ஆளுக்குச் சிக்கும் மலிவு இருக்கை முப்பது பேருக்குச் சிக்காது. நாலைந்து விற்றதுமே விலை ஏறிவிடும். குழுவுக்கு விமான நிறுவனங்கள் சொல்வது வேறு கட்டணம். முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துவைத்துவிட்டு, பெயர்களைப் பிறகு தரலாம். யார் வருவார், யார் நின்றுவிடுவார் என்று கடைசிவரை தெரியாத மாணவர் கூட்டத்துக்கு அந்த அவகாசம் தேவை. அதற்கு ஒரு விலையும் உண்டு. எனவே மொத்தத் தொகையை மட்டும் பார்த்து நியாயம் பேச முடியாது. அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

விசாவையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. ஆனால் படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ செல்லும் மாணவர்களுக்கும், உடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் விசா விதியிலேயே விலக்கு இருக்கிறது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. வெறுமனே ஊர் சுற்றிப் பார்க்க இந்த விலக்கு கிடைக்காது என்பது உண்மைதான். அப்படியானால், நோட்டீசில் ‘கல்வி’ என்று அச்சடித்துவிட்டு விசாவுக்கு முழுக் கட்டணம் கேட்பவரிடம், இது இரண்டில் எது என்று கேட்கலாம் அல்லவா? நம் ஊருக்கே உரிய இன்னொரு சங்கதியும் உண்டு. 1962இல் புதுச்சேரி இந்தியாவுடன் சட்டப்படி இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் வாரிசுகளும் இதே வகுப்புகளில் படிக்கிறார்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்கு பிரான்ஸ் போக விசா எதற்கு? (திரும்பி வர ஓசிஐ அட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.) அதேபோல லூவர், ஒர்சே அருங்காட்சியகங்களிலும் வெர்சாய் அரண்மனையிலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், நுழைவு இலவசம். குழு முன்பதிவுக்கும் வழிகாட்டிக்கும் செலவாகலாம். நுழைவுச்சீட்டு என்று தனியாக ஒரு தொகை இருந்தால் காரணம் கேளுங்கள்.

‘பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் இலவசம்’ என்பதும் வெறும் நம்பிக்கைதான். தலைக்கு 1,50,000 ரூபாய் செலவு, 30 மாணவர், 2 ஆசிரியர் என்று வைத்துக்கொண்டால், ஆசிரியர்களுக்கான 3 லட்சம் மாணவர் ஒவ்வொருவர் தலையிலும் 10,000 ரூபாயாக விழுகிறது. அதில் தப்பில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆசிரியர் பட்டியலில் நிர்வாகியின் குடும்பம் ஏறினால்தான் தப்பு. வரியிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஜிஎஸ்டி போனது போனதுதான். ஆனால் வெளிநாட்டு டூருக்கு 2020 அக்டோபர் முதல் முன்கூட்டியே பிடிக்கப்படும் வருமான வரியான டிசிஎஸ், பெற்றோரின் பான் எண்ணில் கட்டப்பட்டிருந்தால், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியது. இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடும்போது அதை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்.

ஓட்டல் எங்களுக்கு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று எப்படிச் சொல்வது என்பார்கள் ஏஜென்டுகள். சொல்ல வேண்டாம், அது அவர்கள் வியாபாரம். ஓட்டலின் பெயர், அறைக்கு எத்தனை பேர், எத்தனை வேளைச் சாப்பாடு, சென்னை விமான நிலையத்துக்குப் பேருந்து உண்டா என்பதைச் சொல்லலாமே. கொட்டேஷன் மலிவாகத் தெரிந்தால் முதலில் இரவுச் சாப்பாட்டைத் தேடுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பி வரும், எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள்.