சிறுவர் சுவாசமும் தெருப்புகையும்

1952 ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி இலண்டன் மாநகரை ஐந்து நாட்கள் கவிந்து நின்றது. நாலாயிரவர்க்குக் குறையாமல் மாண்டனர். கண்ணுக்குப் புலனான பகையாதலின், 1956 இல் சட்டம் இயற்றி அதனை அடக்கினர். அந்நகரிலே பின்னர் சிறுவரை வருத்த வந்ததோ கண்ணுக்குப் புலனாகாத மாசு.

இலண்டனின் லூயிஷம் பகுதியில், ஊர்திகள் ஓயாது செல்லும் பெருந்தெருவொன்றின் அயலிலே எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்னுஞ் சிறுமி வாழ்ந்தாள். தாயார் ஓர் ஆசிரியை. கடுந்தொய்வு நோயினால் மூன்றாண்டுகளுள் ஏறத்தாழ முப்பது முறை வைத்தியசாலை சென்ற அச்சிறுமி, 2013 மாசியில், தன் ஒன்பதாவது வயதில் இறந்தாள். தாயார் ஓய்ந்திலர். அவர்தம் முயற்சியால் நடந்த இரண்டாம் மரண விசாரணை, ஊர்திப் புகையிலுள்ள நைதரசனீரொட்சைட்டும் நுண்துகள்களும் அச்சாவுக்குத் துணைக்காரணமாயின என 2020 மார்கழியில் முடிவு கூறிற்று. காற்றின் மாசு ஒருவரின் மரண காரணங்களுள் ஒன்றாகப் பதியப்பெற்றது அந்நாட்டில் அதுவே முதன்முறை. அம்மாசின் தீங்கினைத் தாயாருக்கு முன்னரே எவரும் எடுத்துரைக்கவில்லை என்பதும் அங்கு வெளியாயிற்று. அறிந்திருப்பின் மகளைக் காக்க வழி தேடியிருப்பார் அன்றோ!

உடல் நிறைக்கு ஏற்பப் பார்த்தால், பெரியோரினும் சிறுவர் மிகுதியாகக் காற்றை உள்ளிழுக்கின்றனர். அவர்தம் மூச்சுக்குழாய் ஒடுங்கியது. சிறு வீக்கமும் வழியை அடைக்கும். நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. தென் கலிபோர்னியாவிற் பிள்ளைகளைப் பத்து வயது முதல் பதினெட்டு வரை தொடர்ந்து அளந்தபோது, மாசு மிக்க ஊர்களில் வளர்ந்தோரின் நுரையீரல் வளர்ச்சி குன்றியிருந்தமை 2004 இல் தெரியவந்தது. காற்றுச் சீர்பட்டபின் அவ்வூர்களில் வளர்ந்த பிள்ளைகள் முன்னையோரினும் நன்கு வளர்ந்தமை 2015 இல் வெளியாயிற்று. ஆறுதல் தருஞ் செய்திதான். ஆயினும் அவ்வாறுதல் பிந்திப் பிறந்தோர்க்கே உரியது.

இலண்டன் கதை நமக்கேன் என்பார் உளர். விறகடுப்பின் அருகே தாயின் இடுப்பிலிருக்குங் குழந்தை சுவாசிப்பதும் நுண்துகள்களையே. பிள்ளையைக் கல்லூரி வாயிலில் இறக்கிய பின்னரும் இயந்திரத்தை நிறுத்தாது உரையாடி நிற்கும் பெற்றோருள் நம் பழைய மாணவரும் உளர், பொறுத்தருள்க.

யானும் பிழை செய்தவனே. வரவு இடாப்பிற் சில பெயர்களுக்கு நேரே 'சுகவீனம்' எனப் பலகால் எழுதினேன். மழைக்கால இருமல் என்று அமைந்தேன். இப்பொழுது அப்பிள்ளைகளை அழைத்து, வீட்டில் அடுப்பு எங்கேயுள்ளது, நீ உறங்குவது எங்கே என்று வினவுகின்றேன். ஒருவன், "இரண்டும் ஒரே அறைதான், ஐயா" என்றான்.