விடியுமுன் வரும் விருந்தினர்: தாம்பரம் ரிசப்ஷனுக்கு ஒரு வழிகாட்டி

தாம்பரம் பக்கத்து ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்கிறீர்களா? முதலில் ரயில் நேரத்தை மனப்பாடம் செய்யுங்கள். அறை வாடகை அப்புறம். பாண்டியன், மலைக்கோட்டை, நெல்லை விரைவு வண்டிகள் இரவெல்லாம் ஓடி அதிகாலையில் இங்கே நிற்கின்றன. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் முனையம் திறந்தபின் தென்மாவட்டப் பேருந்துகளும் பக்கத்திலேயே வந்து சேர்கின்றன. பல ஹோட்டல்களில் செக்-இன் பகல் 12 மணி. ஆனால் விருந்தினர் ஐந்து மணிக்கே பெட்டியோடு வாசலில் நிற்பார். அவரை வரவேற்கும் வேலையை முந்தின இரவே முடித்துவிட வேண்டும்.

இரவு 8 மணிக்குள்

மறுநாள் வருகைப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். எந்த வண்டி, எத்தனை பேர், என்ன காரியம் என்று கேளுங்கள். சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ குரோம்பேட்டை மருத்துவமனைக்கோ வருபவருக்கு லிஃப்டை ஒட்டிய அறை. காட்டாங்குளத்தூரில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோருக்கு எக்ஸ்ட்ரா பெட். கல்யாண வீட்டாருக்கு ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகள், விடியற்காலையிலேயே வெந்நீர். சீக்கிரம் வருவதற்குத் தனிக் கட்டணம் உண்டென்றால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கம் கெட்டு வந்தவரிடம் மேசையில் வைத்துச் சொன்னால் சண்டைதான் வரும்.

நைட் ஷிஃப்டில்

அறை தயார் என்று ஹவுஸ்கீப்பிங் சொன்னாலும் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள்: கீசர், ஏசி, ஃப்ளஷ், துண்டு, கதவுப் பூட்டு. அறை காலியாகவில்லையா? பெட்டிக்கு டோக்கன் போட்டு வாங்கி வையுங்கள்; முகம் கழுவ இடமும் ஒரு காபியும் கொடுங்கள். எத்தனை மணிக்கு அறை கிடைக்கும் என்று உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள். “பத்து நிமிஷம் சார்” என்று சொல்லி ஒரு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள்.

மேசையில்

வயது வந்த எல்லாரிடமும் அடையாள அட்டை வாங்குங்கள். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட், விசா நகலோடு 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்கு இணையவழித் தகவல் போக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. கம்பெனி கணக்கில் தங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணை வந்தவுடனேயே குறித்துக்கொண்டால் செக்-அவுட்டில் பில்லைத் திருத்த வேண்டியிராது.

ஷிஃப்ட் மாறும்போது

கல்லாப் பணம், சாவிகள், எழுப்பிவிடச் சொன்ன நேரங்கள், தீராத புகார்கள் எல்லாவற்றையும் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேராது.

மேலே போக

பிளஸ் டூ முடித்தவர்கள் நுழைவுத் தேர்வெழுதி, தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்தில் பட்டம் படிக்கலாம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் நைட் ஷிஃப்டைத் தட்டிக்கழிக்க வேண்டாம். மேலாளர் பக்கத்தில் இல்லாத அந்த நேரத்தில் நீங்களே முடிவெடுத்துப் பழகுவதுதான் டியூட்டி மேனேஜர் நாற்காலிக்கான பயிற்சி.