தோற்ற பிறகும் ஏன் ஆடுகிறார்கள்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் போனில் பணம் கட்டி ரம்மி ஆடுகிறான். விட்டதுதான் அதிகம். கேட்டால், "இது லாட்டரி இல்லம்மா, மூளை விளையாட்டு" என்கிறான். கெட்டிக்காரப் பையன், ஏன் நிறுத்த மாட்டேன் என்கிறான்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நல்ல கேள்வி அம்மா. பேராசைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டுமே இல்லை.

முதலில் திறமை. ரம்மிக்குத் திறமை வேண்டும் என்று 1967-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் கணக்கைப் பாருங்கள். சமத் திறமையுள்ள இருவர் தலா 100 ரூபாய் கட்டுகிறார்கள். நிறுவனம் 10 சதவீதம் கமிஷன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு 180 வரும். பத்து ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து ஜெயித்தாலும், 1,000 கட்டியவருக்கு 900தான் திரும்பும்.

அப்படியும் விட முடியாததற்குக் காரணம் மூளையில் இருக்கிறது. உளவியலாளர் ஸ்கின்னர் இதைப் புறாக்களிடமே கண்டார்: எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் அவை விடாமல் கொத்தின. இதற்கு 'மாறும் விகித வெகுமதி' என்று பெயர். அதாவது, எப்போது வரும் என்று தெரியாத பரிசு. அடுத்தது 'நூலிழைத் தோல்வி'. ஒரே ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும்போது எதிராளி டிக்ளேர் செய்து ஆட்டத்தை முடித்துவிட்டால், மூளை அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை; 'கிட்டத்தட்ட ஜெயித்தேன்' என்று அடுத்த ஆட்டத்துக்குத் தூண்டும். உந்துதலுக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதியோ 25 வயதையொட்டித்தான் முழுமையாக முதிர்கிறது.

இதோடு வேகமும் சேர்கிறது. லாட்டரிச் சீட்டு வாங்கியவர் குலுக்கல்வரை காத்திருந்தார். போனில் அடுத்த ஆட்டம் சில நொடிகளில் தயார். கிரிக்கெட்டிலோ அடுத்த பந்துக்கே பந்தயம் கட்டுகிறார்கள்.

திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் கள்ள ஆப்கள் இருக்கின்றன. "விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடறேன்" என்ற பேச்சு, ராத்திரி ஆட்டம், ஆப்பில் வாங்கிய கடன் – இவை தெரிந்தால் தாமதிக்காதீர்கள். திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டியது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். கடனை அடைப்பதாக இருந்தாலும் பணத்தை அவன் கையில் கொடுக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை. சூதாட்ட அடிமைத்தனம் சிகிச்சைக்குரிய நோய். வெட்கப்படாமல் இன்றே பேசுங்கள்.