மீன் தொட்டியில் இன்னும் இடம் இருக்கிறதா?

“இன்னும் ரெண்டே ரெண்டு மீன் மட்டும் வாங்கிக்கலாம்ப்பா...”

வீட்டில் மீன் தொட்டி இருந்தால், மாதம் ஒரு தடவையாவது வாண்டுகளிடமிருந்து இந்த விண்ணப்பம் வந்துவிடும். சென்னையில் ஏதாவது வேலை என்றால் கேட்கவே வேண்டாம். கலர் மீன்களுக்குப் பேர்போன கொளத்தூரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, காற்றடைத்த பாலிதீன் பையோடு விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் ஏறிவிடுவோம். பையில் இருக்கும் மீன் விரல் நீளம்கூட இல்லை. தொட்டியோ பாதி காலியாகத் தெரிகிறது. அப்புறம் என்ன யோசனை?

யோசிக்கத்தான் வேண்டும். மீன் நீந்துகிற இடத்திலேயேதான் சுவாசிக்கிறது, சாப்பிடுகிறது, கழிவையும் வெளியேற்றுகிறது. அந்தக் கழிவைத் தாங்கும் சக்தியும், சுவாசிக்க ஆக்ஸிஜனும் தண்ணீரில் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கண்ணுக்குத் தெரிகிற காலி இடம் இதற்குப் பதில் சொல்லாது.

முதலில் டேப்பை எடுங்கள்

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். நம் வீடுகளில் அதிகம் இருப்பது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி. கணக்குப்படி சுமார் 56 லிட்டர். ஆனால் மேலே விடும் இடைவெளி, அடியில் போட்ட கல், பொம்மை எல்லாம் போக, நிஜமாகத் தண்ணீர் 45 லிட்டர்தான் இருக்கும்.

அனுபவசாலிகள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் அங்குல மீனுக்கு நாலு லிட்டர் தண்ணீர். அப்படியானால் 45 லிட்டரில் மொத்தம் 11 அங்குல மீன். இதில் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று, மீன் வாங்கும்போது இருக்கும் நீளத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். வளர்ந்தபின் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். ஓர் அங்குல கோல்டு ஃபிஷ் ஆறு அங்குலத்தைத் தாண்டி வளரும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்குகிற டேங்க் கிளீனர் மீன் ஓரடிக்கும் வளரக்கூடியது. ஆஸ்காரும் ஓரடிதான்.

இரண்டு, இந்தக் கணக்கு கப்பி, மோலி, டெட்ரா போன்ற சின்ன மீன்களுக்கு மட்டும்தான். மீனின் நீளம் இரு மடங்கானால், எடை சுமார் எட்டு மடங்காகிவிடும். சாப்பாடும் கழிவும் அதற்கேற்ப ஏறும். பத்து அங்குல ஆஸ்கார் ஒன்று, ஓர் அங்குல மீன்கள் பத்துக்குச் சமம் ஆகாது!

உதாரணமாக, உங்கள் இரண்டடித் தொட்டியில் மூன்று அங்குல மோலி இரண்டும், இரண்டு அங்குல கப்பி இரண்டும் இருக்கின்றன. மொத்தம் 10 அங்குலம். தொட்டி ஏறக்குறைய நிரம்பிவிட்டது. அதே தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ் இருந்தால், இன்று எவ்வளவு சின்னதாக இருந்தாலும், கதவைச் சாத்திவிடுங்கள்.

தண்ணீர் சொல்லும் சாட்சி

மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு விஷம். ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆகவே தொட்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால், மேற்கொண்டு மீன் பேச்சே வேண்டாம்.

மீன் கடைகளில் டெஸ்ட் கிட் கிடைக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். வாரம்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றியும் நைட்ரேட் 40 பி.பி.எம்.மைத் தாண்டினால், தொட்டி தாங்கவில்லை என்று அர்த்தம். ஆனால் குழாய்த் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கலாம். முதலில் அதையும் சோதித்துக் கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? அது உப்பு அதிகமுள்ள கடினத் தண்ணீர். மோலிக்கும் கப்பிக்கும் அது ஒத்துவரும். ஆனால் காரத்தன்மை கூடக்கூட, வெயில் ஏற ஏற, அம்மோனியாவின் விஷமும் கூடும். ஆவியாகிப் போன அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டே வந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஆகவே பழைய தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுசு விடுவதுதான் முறை. குளோரின் கலந்த நகராட்சித் தண்ணீர் என்றால், பக்கெட்டில் 24 மணி நேரம் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

விடியற்காலையில் பாருங்கள்

தொட்டியில் செடி இருந்தால், இரவில் அதுவும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. லைட் போடுவதற்கு முன் போய்ப் பாருங்கள். மீன்கள் மேல்மட்டத்தில் கூடி வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? இருக்கிற மீன்களுக்கே மூச்சுத் திணறுகிறது. (ஃபைட்டர், கௌராமி மீன்கள் மட்டும் விதிவிலக்கு. மேலே வந்து காற்றை வாங்குவது அவற்றின் இயல்பு.)

மோசமான நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்

மார்கழியில் தாங்குகிற தொட்டி சித்திரை வெயிலில் தாங்க வேண்டும் என்று அவசியமில்லை. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். அந்த நேரம் பார்த்துத்தான் மீனுக்கு ஆக்ஸிஜன் தேவையும் கூடும்.

கூடவே கரண்ட் கட். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல இடங்கள் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட இரவில் ஏர் பம்ப்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை. மீன் குறைவாக உள்ள தொட்டி சமாளித்துக்கொள்ளும். விளிம்புவரை நிரப்பிய தொட்டியில் காலையில் மீன்கள் மிதக்கும்.

ஆகவே கணக்கில் 11 அங்குலம் வந்தால், எட்டோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். கரண்ட் போனால் தீனி போடாதீர்கள். தொட்டித் தண்ணீரையே சொம்பில் மொண்டு, அரையடி உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

இடம் இருந்தால்...

ஒரே நேரத்தில் இரண்டு சின்ன மீன்களுக்கு மேல் விடாதீர்கள். தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வைத்து, நோய் இல்லை என்று பார்த்தபின் சேருங்கள். கப்பி என்றால் ஆண் மீன்களாகவே வாங்குங்கள். ஜோடி சேர்ந்தால் மாதம் ஒரு பிரசவம்; உங்கள் கணக்கெல்லாம் காற்றில் போய்விடும்! ஃபைட்டரில் இரண்டு ஆண்களை ஒன்றாக விடவே கூடாது.

இடம் இல்லாவிட்டால்...

பெரிய தொட்டி ஒன்றுதான் வழி. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர். கண்ணாடி, கல்லோடு சேர்த்தால் எடை 200 கிலோவைத் தாண்டும். டி.வி. ஸ்டாண்ட் தாங்காது.

மிஞ்சிய மீன்களை வீடூர் அணையிலோ கழுவெளியிலோ ஊர் ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். அது புண்ணியம் அல்ல. டேங்க் கிளீனர் மாதிரி வெளிநாட்டு மீன்கள் பெருகி, நம் நாட்டு மீன்களுக்கு எமனாகிவிடும். கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள்.

உங்கள் நலத்துக்கும் நாலு வார்த்தை

* மீன் கூடினால் கழிவு கூடும். தொட்டிக்குள் கைவிடும் வேலையும் கூடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ரப்பர் கையுறை போடுங்கள். மீன் தொட்டியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியா காயத்தின் வழியே நுழைந்து, லேசில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். அப்படி வந்தால், வீட்டில் மீன் தொட்டி இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

* டியூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் எடுக்காதீர்கள். அழுக்குத் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் கொட்டாதீர்கள்.

* தொட்டியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளுக்கு இது கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட வாண்டுகளைச் சுத்தம் செய்கிற வேலையில் சேர்க்காதீர்கள்.

* தண்ணீரில் கைவிடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

நாலே நாலு மீன் என்றாலும், அவை தெளிந்த தண்ணீரில் வாலை வீசி நீந்துவதைப் பார்க்கும்போதுதான் மனசு லேசாகிறது. தொட்டி வாங்கியதே அதற்குத்தானே!