செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரா? முதல்ல பேட்டரியோட ஜாதகத்தைக் கேளுங்க!

கள்ளக்குறிச்சியில வேலை, மாசச் சம்பளம் 22,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். பெட்ரோல் செலவைக் குறைக்க ஒரு பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்க்கறீங்க. விலை 55,000. பெயின்ட் பளபளன்னு இருக்கு. வாங்கலாமா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பேட்டரி புதுசா இருந்தப்போ 3 யூனிட் கரண்ட் பிடிச்சது. கிலோமீட்டருக்கு 30 வாட்-அவர் செலவானா 100 கிலோமீட்டர் ஓடும். இப்போ பேட்டரியின் ஆரோக்கியம் 70 சதவீதம்தான்னா, 70 கிலோமீட்டர். அதுவும் சமதளத்துல! கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையில வெள்ளிமலைக்கு ஏறினா இன்னும் குறையும். புது பேட்டரி 45,000 ரூபாய்னா, உங்க ரெண்டு மாசச் சம்பளம் காலி. 55,000 ரூபாய் வண்டியோட உண்மையான விலை 1 லட்சம்.

சிக்கல் என்னன்னா, அந்த 70 சதவீதம் வெளியே தெரியாது.

தங்கத்துல இந்தப் பிரச்சினைக்கு ஒரு வழி இருக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளை 6 இலக்க ஹெச்யுஐடி இல்லாம கடைகள் விற்கக் கூடாது. அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்ல போட்டா நகையோட விவரம் வந்துடும்.

பேட்டரிக்கும் இதே மாதிரி ஒன்று வருது. அதுதான் டிஜிட்டல் பேட்டரி பாஸ்போர்ட். ஐரோப்பிய ஒன்றியத்துல 2027 பிப்ரவரி 18 முதல் எலெக்ட்ரிக் வாகன பேட்டரிகளுக்கு இது கட்டாயம். க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா யார் தயாரிச்சது, எப்போ, எங்கே, என்ன வகை, எவ்வளவு கார்பன் வெளியேற்றம் என்ற விவரங்கள் கிடைக்கும். வண்டியை வாங்குறவர் பேட்டரியின் ஆரோக்கியத்தையும் பார்க்க வழி இருக்கு. கோபால்ட் போன்ற கனிமங்கள் எந்த வழியா வந்தன என்ற கேள்வியும் இதுல சேரும். உலகத்தின் கோபால்ட்ல பெரும்பங்கு காங்கோவில இருந்துதான் வருது. அங்கே சில சுரங்கங்கள்ல குழந்தைகளும் வேலை செய்றாங்க.

நம்ம நாட்டுலயும் ‘பேட்டரி பேக் ஆதார்’ என்ற பெயர்ல 21 இலக்க எண் கொடுக்க சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரைவு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. அது நடைமுறைக்கு வர்ற வரைக்கும் ஜாதகத்தை நீங்களேதான் கேட்டு வாங்கணும்:

1. ஒரிஜினல் பில்லும் பேட்டரி மேல இருக்கிற சீரியல் எண்ணும் ஒத்துப்போகுதா பாருங்க.

2. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்க.

3. ஆர்சி பெயர் மாறினா வாரன்டியும் உங்க பெயருக்கு வருமான்னு எழுத்துல வாங்குங்க.

4. எல்எஃப்பி வகையா, என்எம்சி வகையான்னு கேளுங்க. எல்எஃப்பியில கோபால்ட் கிடையாது. பொதுவா அதிக முறை சார்ஜ் ஏத்தலாம்.

5. ஃபுல் சார்ஜ் போட்டு, ரெண்டு பேரா ஏத்தத்துல ஓட்டிப் பாருங்க. சதவீதம் மளமளன்னு இறங்கினா உஷார்.

6. புது பேட்டரிக்கு இன்னைக்கு என்ன விலைன்னு கொட்டேஷன் வாங்கி வெச்சுக்கோங்க.

இதுல எதையுமே விற்கிறவர் காட்டலையா? பேட்டரியோட மதிப்பு பூஜ்யம்னு வெச்சு பேரம் பேசுங்க. அதுக்கு அவர் ஒத்துக்கலைன்னா, அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

இன்னொரு விஷயம்: உயிர் போன பேட்டரியைக் காயலான் கடையில போடாதீங்க. 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, அதைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளருடையது. சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. புது பேட்டரி வாங்கும்போது ஏதாவது தள்ளுபடி உண்டான்னும் சேர்த்துக் கேளுங்க.