கைக்கேற்ற கருவி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

கருவியைப் படைத்தவன் மனிதன். ஆனால், படைத்த கருவிக்கு ஏற்பக் கையை வளைப்பதா, கைக்கு ஏற்பக் கருவியை மாற்றுவதா என்னும் கேள்வி இன்றும் தீரவில்லை. கணினி விளையாட்டுகளை ஆட உதவும் 'கன்ட்ரோலர்' என்னும் சிறு கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்து விரல்களின் கணக்கு

வழக்கமான கன்ட்ரோலரை இரு கைகளாலும் ஏந்திப் பிடிக்க வேண்டும். கட்டைவிரல்கள் இரண்டும் இரு சிறு குச்சிகளை எல்லாப் பக்கமும் தள்ள வேண்டும்; இடையிடையே பொத்தான்களையும் அழுத்த வேண்டும். சுட்டுவிரல்கள் முன்புற விசைகளைக் கவனிக்க வேண்டும். ஆடுபவருக்கு இரண்டு கைகளும், நன்றாக நீண்டு மடங்கும் பத்து விரல்களும் உண்டு என்று கருவியைச் செய்தவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார் என்பது இதனால் விளங்கும்.

அந்த முடிவு நம் மாவட்டத்திற்குப் பொருந்துமா? சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். மாண்டவர் தொகையைச் செய்தித்தாள்கள் எழுதின. பிழைத்தவர் கைகளைப் பற்றி எழுதியது குறைவு. தீக்காயம் ஆறும்போது தழும்பு சுருங்கி இறுகும். அது மூட்டின்மேல் அமைந்தால் விரல் மடங்கியபடியே நின்றுவிடும். பட்டாசு வேலையில் காயம்பட்ட என் தாய்மாமாவின் வலக்கையில் மூன்று விரல்கள் அவ்வாறே நிற்கின்றன. மகன் செல்போனில் கார்ப் பந்தயம் ஆடும்போது, "நீ ஆடு, நான் பார்க்கிறேன்" என்று அருகில் அமர்ந்திருப்பார். அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. பிடிக்கக் கை வரவில்லை, அவ்வளவே.

மாறிவந்த கருவிகள்

இக்குறையை முதலில் உணர்ந்த பெரிய நிறுவனங்களுள் ஜப்பானின் நின்டெண்டோவும் ஒன்று. 1989இல் அது கைகளே தேவைப்படாத ஒரு கன்ட்ரோலரை வெளியிட்டது. அதனை மார்பில் அணிந்துகொண்டு, முகவாயால் குச்சியை அசைக்க வேண்டும். குழாய் ஒன்றில் காற்றை ஊதுவதும் உறிஞ்சுவதும் இரண்டு பொத்தான்களை அழுத்துவதற்குச் சமம்.

2018 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்' என்பதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளங்கையாலோ முழங்கையாலோ காலாலோ அழுத்தத்தக்க இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள் அதன் மேற்பரப்பில் உள்ளன. பின்புறம் 19 துளைகள். அவை ஹெட்போன் பின் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளைகளே. ஒவ்வொரு துளையும் வழக்கமான கன்ட்ரோலரின் ஒரு விசைக்கு உரியது. ஆடுபவர் தமக்கு வசதியான சுவிட்சை அதில் செருகி, காலுக்குக் கீழோ தலைக்குப் பக்கத்திலோ வைத்துக்கொள்ளலாம்.

2023 டிசம்பரில் சோனி நிறுவனம் வெளியிட்ட 'அக்செஸ்' கன்ட்ரோலர் வட்ட வடிவமானது. மேசைமீது எப்பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். பொத்தான்களின் மூடிகளைக் கழற்றி மாற்றலாம். அதனுடன் வழக்கமான கன்ட்ரோலர் ஒன்றையும் இணைத்து, இரண்டையும் ஒரே கருவியாக இயக்க முடியும். மகன் காரைத் திருப்ப, தந்தை காலால் வேகத்தைக் கூட்டலாம் என்பது இதன் பொருள்.

உள்ளிருக்கும் இயற்பியல்

இவற்றின் அடிப்படை மிக எளியது. கணினிக்கு விரல் தெரியாது. இரண்டு கம்பிகள் தொட்டனவா, தொடவில்லையா என்பது மட்டுமே தெரியும். தொடச் செய்தது விரலா, முழங்கையா, மூச்சா என்று அது கேட்பதில்லை. ஆகவே பொத்தானின் வடிவம் வேறு, அது அனுப்பும் செய்தி வேறு. இவ்விரண்டையும் பிரித்துவிட்டால் வடிவத்தை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

மேற்கூறிய மைக்ரோசாஃப்ட் கருவியின் தொடக்க விலை ஏறத்தாழ 100 டாலர். சுவிட்சுகளுக்குத் தனிச் செலவு. நம்மவர்க்கு இது எட்டாத விலை. ஆனால் ஒரு சுவிட்சைச் செய்ய நம் ஊர்ப் பொருள்களே போதும். கெட்டியான இரண்டு அட்டைத் துண்டுகளின் உட்பக்கம் அலுமினியத் தாளை ஒட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பியை வெளியே கொண்டுவர வேண்டும். நடுவில் ஓட்டையிட்ட ஸ்பாஞ்சு ஒன்றை இடையில் வைக்க வேண்டும். அழுத்தினால் தாள்கள் ஓட்டை வழியே தொடும், விட்டால் பிரியும். ஸ்பாஞ்சின் கனத்தை மாற்றினால் அழுத்த வேண்டிய விசையும் மாறும். அச்சகங்களும் அட்டைப் பெட்டி செய்வோரும் நிறைந்த சிவகாசியில் அட்டைக்கா பஞ்சம்?

கம்பிகளை 'ஏடிமெகா 32யு4' சிப் உள்ள சிறு பலகையில் இணைத்து, அதற்குச் சில வரி நிரல் எழுதினால், கணினி அதனை ஒரு கீபோர்டாகவே ஏற்கும். கை நடுக்கம் உள்ளவர் ஒருமுறை அழுத்த நினைத்துப் பலமுறை அழுத்திவிடக்கூடும். முதல் தொடுகைக்குப் பின் கால் வினாடி வரை வரும் தொடுகைகளைக் கணக்கில் கொள்ளாதே என்று நிரலில் எழுதிவிட்டால் அத்தொல்லை குறையும். கால் வினாடியா, அரை வினாடியா என்பதை அவரவர் கையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

விளையாட்டு தேவைதானா?

மருந்துக்கும் பிழைப்புக்கும் வழியில்லாதபோது விளையாட்டு எதற்கு என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும், 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்குபெறும் உரிமையைக் கூறுகிறது. இந்தியா 2007இல் அதை உறுதிசெய்து ஏற்றது. மேலும், காரை ஓட்டும் அதே சுவிட்ச், ஆண்ட்ராய்டு செல்போனில் உள்ள 'சுவிட்ச் அக்செஸ்' வசதியின் துணையால் செல்போன் முழுவதையும் இயக்க உதவும். விளையாட்டில் பழகிய கை நாளை கணக்கெழுதவும் கடிதம் அனுப்பவும் கூடும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'நியோஃப்ளை' சக்கர நாற்காலி, பயன்படுத்துபவரின் உடலளவுக்கு ஏற்ப அமைக்கப்படுகிறது. தையற்காரர் அளவெடுக்காமல் சட்டை தைப்பதில்லை. கருவி செய்வோர்க்கும் அதுவே முறையாதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம் ஆய்வுக்கூடத்தில் கம்பியும் மீட்டரும் உண்டு. நம் தெருக்களில் காயம்பட்ட கைகளும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்று சேர்ப்பது நம் கடமை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் நம்மில் பலர். நம்மைப் படிக்க வைத்த கைகளுக்கு நாம் கற்ற அறிவியல் முதலில் பயன்படட்டும்.